ஏழாவது வரி

பெங்களூரு
10-6-2024

அன்புள்ள வீரலட்சுமி அக்காவுக்கு,

தம்பி கார்த்தி எழுதுவது. இங்கே நான் சுகம். இடுப்பு வலிதான் விடமாட்டேன் என்கிறது. பன்னிரண்டு மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்தால் வராமல் என்ன செய்யும்? உன் முட்டி எப்படி இருக்கிறது? மச்சான் பீடியைக் குறைத்தாரா, இல்லை உன்னிடம் மறைத்துக் குடிக்கிறாரா?

குரங்கணிக்கு மேலே உங்கள் எஸ்டேட்டுக்கு சிக்னல் வருகிறவரை நாம் இப்படித்தான் எழுதிக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது. நான் கம்ப்யூட்டரில் அடித்து அனுப்புகிறேன். போடியில் மகாராணி அக்கா தன் ஜெராக்ஸ் கடையில் அதைப் பிரிண்ட் எடுக்கிறார். சின்னச்சாமி அண்ணன் ஜீப்பில் அரிசி மூட்டையோடு அது மேலே ஏறுகிறது. இந்தக் காலத்தில் இப்படி ஒரு தபால் என்று சொன்னால் ஆபீசில் சிரிக்கிறார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். 'வெதுப்பு' புது வெர்ஷன் வந்துவிட்டது. காலேஜில் படிக்கும்போது உங்கள் ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோருக்காக நான் எழுதின மென்பொருள் லைப்ரரி, இன்றைக்கு எங்கெங்கோ ஓடுகிறது அக்கா. விலை கிடையாது, பூட்டு கிடையாது. யார் வேண்டுமானாலும் எடுத்துத் தங்கள் கண்ட்ரோல் பெட்டியில் போட்டுக்கொண்டு, உலர்த்துகிற அறையின் சூட்டை அதன் பொறுப்பில் விட்டுவிடலாம். பெரு நாட்டில் ஒருவர் மிளகாய் உலர்த்துகிறார். ஆனால் லைப்ரரி எழுதுவது பெரிதில்லை. அதை எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்லும் பாடப் பக்கங்களைப் பழசாக விடாமல் வைத்திருப்பதுதான் பெரிய சோலி. லைப்ரரி மாறினால் பாடமும் அன்றைக்கே மாற வேண்டும். இல்லாவிட்டால் பக்கத்தை நம்பினவன் நடுத்தெருவில் நிற்பான். தமிழ், இங்கிலீஷ், ஸ்பானிஷ் மூன்றிலும் நான் ஒருநாள்கூடப் பிந்தியதில்லை. அதைப் பற்றிப் பேசத்தான் டிசம்பரில் இங்கே ஒரு மாநாட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். வெளிநாட்டு அறக்கட்டளை ஒன்றின் இரண்டு வருட உதவித்தொகைக்கும் விண்ணப்பித்திருக்கிறேன். கிடைத்தால் இந்த ஆபீசை விட்டுவிட்டு முழுநேரமும் இதையே பார்க்கலாம்.

புது வெர்ஷன் உள்ள மெமரி கார்டை மகாராணி அக்காவுக்குக் கூரியரில் அனுப்பியிருக்கிறேன். தமிழ்ப் பாடத்தையும் புதுப்பித்தாயிற்று. அதைப் புதிதாகப் பிரிண்ட் எடுத்துக் கார்டோடு சேர்த்து மேலே அனுப்பச் சொல்லியிருக்கிறேன். உள்ளே சில மாற்றங்கள் உண்டு, அதெல்லாம் உனக்கு வேண்டாம். தாளில் உள்ளபடி வரி வரியாகச் செய்தால் போதும். பழைய தாளைக் கிழித்துப் போடு. முக்கியமாக ஒன்று: மச்சான் பாதியில் கதவைத் திறந்து மோந்து பார்க்கிற வேலையெல்லாம் கூடாது. பச்சை விளக்கு எரிந்துகொண்டிருக்கிற வரை கதவு சாத்தியே இருக்கட்டும்.

மச்சானைக் கேட்டதாகச் சொல்.

அன்புத் தம்பி,
கார்த்தி


குரங்கணி மேல் எஸ்டேட்
3-7-2024

அன்புத் தம்பி கார்த்திக்கு,

அக்கா எழுதிக்கொண்டது. நாங்கள் இருவரும் சுகமாக இருக்கிறோம், உன் சுகத்துக்குப் பதில் போடு. இங்கே மழை விட்டபாடில்லை. அட்டைக்கடியில் கால் இரண்டும் புண். முட்டியைப் பற்றி மழை முடிந்த பிறகு கேள். இடுப்புக்கு நல்லெண்ணெய் போட்டு வெந்நீர் ஊற்று. சொன்னால் கேட்கவா போகிறாய்.

கார்டும் தாளும் வந்து சேர்ந்தன. மகாராணி தாளை லேமினேஷன் போட்டே கொடுத்துவிட்டாள். கீழ் ஓரத்தில் பிரிண்ட் எடுத்த தேதி 14-6-2024 என்று இருக்கிறது. பழைய தாளை நீ சொன்னபடி அடுப்பில் போட்டேன். புதுசை ஸ்டோர் சுவரில் பெட்டிக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டியிருக்கிறேன்.

கார்டைச் சொருகி, தாளைப் பார்த்து ஒவ்வொரு வரியாகப் பட்டனை அமுக்கினேன். ஏழாவது வரியில் சூட்டு அளவு 120 என்று இருந்தது, அதையும் போட்டேன். பத்தாவது வரி முடிந்ததும் பச்சை விளக்கு வந்தது. பத்தாம் வகுப்புப் பரீட்சையில்கூட நான் இவ்வளவு ஒழுங்காக எழுதினதில்லை.

உன் மச்சானுக்குப் படித்துக் காட்டினேன். கதவு வரி வந்ததும் அவருக்குப் பொறுக்கவில்லை. "ஏ வீரா, இருவது வருசமா மூக்கை வச்சுத்தேன் காயைக் காப்பாத்துறேன். இப்ப மூக்குக்கும் பூட்டா?" என்றார். "என் தம்பி எழுதுனது. எழுதுனபடி நடங்க, இல்லேன்னா ஸ்டோர் பக்கமே வராதீக" என்றேன். அதற்கப்புறம் சிரித்துவிட்டார். மாநாடு என்றதும் ஒரே பெருமை. பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். அந்த 120 என்கிற கணக்கை உனக்கு முதன்முதலில் சொல்லிக் கொடுத்ததே அவர்தானே, மேடையில் பேரைச் சொல்வாயா என்று கேட்கச் சொன்னார். விளையாட்டுக்குத்தான் கேட்டார். நீ சொன்னால் சந்தோசப்படுவார்.

ஆவணியில் முதல் எடுப்பு. காய் இந்தத் தடவை திரட்சியாக இருக்கிறது.

இதை மகாராணி படித்துவிட்டுத்தான் உனக்கு அனுப்புவாள். படி ஆத்தா, நல்லாப் படி.

இப்படிக்கு,
உன் அக்கா வீரலட்சுமி


குரங்கணி மேல் எஸ்டேட்
24-8-2024

தம்பி கார்த்திக்கு,

நீ சுகமாக இருப்பாய். எங்கள் சுகத்தை எழுதுகிற நிலையில் நான் இல்லை.

நேற்றுக் காலையில் முதல் எடுப்புக் காய் அறுநூறு கிலோவை ஸ்டோரில் ஏற்றினோம். விறகு போட்டு, பெட்டியை ஓடவிட்டு, கதவைச் சாத்தினோம். சூடு வேண்டிய அளவுக்கு ஏறினால், அடுப்புச் சூட்டை உள்ளே தள்ளுகிற விசிறி தானாக நிற்க வேண்டும். மூன்று வருடமாக நின்று நின்றுதான் ஓடும். நேற்று ஒரு தடவைகூட நிற்கவில்லை. மத்தியானச் சோற்றுக்குப் பிறகு உன் மச்சான் ஸ்டோரைச் சுற்றிச் சுற்றி வந்தார். "வீரா, வாசம் மாறுது. நான் கதவைத் தெறக்கப் போறேன்" என்றார். பச்சை விளக்கு எரிகிறதே, திறக்கக் கூடாது என்று தாளில் போட்டிருக்கிறதே என்றேன். கேட்காமல் தாழ்ப்பாளில் கை வைத்தார். நான் அந்தக் கையைப் பிடித்து இழுத்தேன் கார்த்தி. "என் தம்பி படிப்பை விட உங்க மூக்கு பெருசா?" என்று கேட்டேன். பக்கத்தில் நாலு பேர் நின்றார்கள். அவர் வெளியே போய் உட்கார்ந்துகொண்டார்.

நாலு மணிக்கு நானே திறந்தேன். உள்ளே கால் வைக்க முடியவில்லை. ஒரு காய்கூடப் பச்சையாக இல்லை. அத்தனையும் வெடித்து, காப்பித்தூள் நிறத்தில் கிடந்தது. கையில் அள்ளினால் நொறுங்கியது. நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும்.

முதலாளி உக்கிரபாண்டி வருகிற வாரம் போடியிலிருந்து வருகிறார். காயைக் கருக விட்ட ஆள் என்று ஒரு பேர் வந்துவிட்டால், இங்கேயிருந்து போடிமெட்டு வரை எந்த ஸ்டோரிலும் அவரை உள்ளே விடமாட்டார்கள். அவருக்கு வேறு தொழில் தெரியாது என்பது உனக்கே தெரியும்.

பெட்டியைத் தொடாமல் அப்படியே வைத்திருக்கிறேன். தாளில் ஏழாவது வரி 120. பெட்டியிலும் 120. மூன்று தடவை பார்த்துவிட்டேன். எங்கே தப்பு என்று பார்த்து, முதலாளி வருவதற்குள் வெரசாப் பதில் போடு அப்பு.

அக்கா


பெங்களூரு
6-9-2024

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். உன் உடம்பையும் மச்சான் உடம்பையும் பார்த்துக்கொள்ளவும். இங்கே ஒரு வாரமாகக் காய்ச்சல் பரவுகிறது, நான் தப்பித்தேன். மாநாட்டுக்கான உரையை எழுதி அனுப்பச் சொல்லி நெருக்குகிறார்கள். அதனால்தான் பதில் தாமதம்.

உன் கடிதம் படித்து மிகவும் வருத்தப்பட்டேன். புது வெர்ஷனில் சூட்டை செல்சியஸ் கணக்கில் போட வேண்டும். மச்சான் சொன்ன 120 பழைய பாரன்ஹீட் கணக்கு. செல்சியஸில் அது 49. நீ போட்ட 120ஐப் பெட்டி செல்சியஸ் என்று எடுத்துக்கொண்டு, அந்தச் சூடு வரட்டும் என்று விசிறியை ஓட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. பாடப் பக்கத்தில் 49 என்றுதான் இருக்கிறது. மகாராணி அக்காவை வேண்டுமானால் பார்க்கச் சொல்.

அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறாயா? தூக்கிப் போட்டுவிடு, வீண் குழப்பம். மகாராணி அக்காவிடம் புதுசாக ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். இனிமேல் ஆரம்பிப்பதற்கு முன்னால் ஒரு தடவை பக்கத்தைச் சரிபார்த்துக்கொண்டால் இப்படி நடக்காது.

இவ்வளவு வருட அனுபவம் உள்ளவர், வாசம் மாறினபோதே மச்சான் கொஞ்சம் உறுதியாக நின்றிருக்கலாம். குறையாகச் சொல்லவில்லை.

மழையில் நனையாதே.

தம்பி கார்த்தி


குரங்கணி மேல் எஸ்டேட்
14-9-2024

தம்பி கார்த்திக்கு,

அக்கா எழுதுவது. உன்னைக் காய்ச்சல் தொடாமல் போனதில் சந்தோசம். இங்கே அவருக்கு மூன்று நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை, மற்றபடி சுகம்.

உன் கடிதம் வருவதற்கு முன்னாலேயே முதலாளி வந்துவிட்டுப் போய்விட்டார். ஸ்டோர் வாசலில் எல்லா ஆட்களையும் நிற்க வைத்துக்கொண்டு கேட்டார். நான் தாளைக் காட்டினேன். அவர் வாங்கிப் பார்த்துவிட்டு உன் மச்சான் பக்கம் திரும்பினார். "கன்னையா, போடியில என் போன்ல அந்தப் பக்கத்தைப் பாத்துட்டுத்தான் வர்றேன். 49ன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு. பேப்பர்ல எவனும் எதையும் அடிச்சுக்கலாம். உன் மச்சினனுக்கே போன் போட்டேன். 'எங்க பக்கம் சரியாத்தான் இருக்கு சார்'ங்கிறான். அவனும் பொய் சொல்றானா?" என்றார்.

அவர் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். "மாப்ளே சொன்னா சரியாத்தேன் இருக்கும் மொதலாளி" என்றார்.

முதலாளி உனக்குப் போன் போட்டதை நீ எனக்கு எழுதவே இல்லையே கார்த்தி. மறந்துவிட்டாயா?

அவரை ஸ்டோரிலிருந்து எடுத்துக் களைவெட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தேவாரம் ஊரிலிருந்து தற்காலிகமாக ஒரு ஆளைக் கொண்டுவந்திருக்கிறார்கள். நான் விடாமல் முதலாளி ஜீப் வரைக்கும் பின்னாலேயே போய்க் கேட்டேன். போட்ட கை என் கை, தடுத்த கையும் என் கை, அவரை ஏன் தண்டிக்கிறீர்கள் என்றேன். கடைசியில் இறங்கி வந்தார். "பக்கம் தப்பா இருந்துச்சுன்னா அது என் விதி, நான் கன்னையனை ஒண்ணும் சொல்லல. அந்தப் பக்கத்துலயே, உன் தம்பி பேர்ல, இன்ன தேதி வரைக்கும் தப்பா இருந்துச்சுன்னு ஒரு வரி போடச் சொல்லு. கார்த்திகை முடியிறவரைக்கும் பாக்குறேன். அதுக்கு மேல நீங்க இருக்குற ஸ்டோர் வீட்டையும் காலி பண்ணிருங்க" என்றார்.

ஒரே ஒரு வரி அப்பு. புதுப்பித்தாயிற்று என்று நீ ஜூனில் எழுதின கடிதத்தை நான் யாருக்கும் காட்டவில்லை. மறந்திருப்பாய், மனுசன்தானே. போட்டுவிடு.

அக்கா


போடி, மகாராணி கடையிலிருந்து
7-10-2024

கார்த்திக்கு,

சுகமா? பதில் இல்லை. இருபத்து மூன்று நாள் பார்த்துவிட்டு நானே ஜீப்பில் இறங்கி வந்தேன். மகாராணி போனிலிருந்து உனக்கு ஆறு தடவை அடித்தேன். மணி அடித்து அடித்து நின்றது. ஏழாவது தடவை நீ கட் செய்தாய்.

மகாராணிக்கு என் மேல் பாவம் வந்து, அந்தப் பக்கத்துக்குப் பின்னால் இருக்கிற இன்னொரு பக்கத்தைத் திறந்து காட்டினாள். யார் எதை என்றைக்கு மாற்றினார்கள் என்று அதில் எல்லாம் இருக்கிறதாம், யாரும் அழிக்க முடியாதாம். ஜூனில் இங்கிலீஷ் பாடம் மாறியிருக்கிறது. ஸ்பானிஷ் பாடம் மாறியிருக்கிறது. தமிழ்ப் பாடத்தை யாரும் தொடவில்லை. ஏழாவது வரியில் 120ஐ எடுத்துவிட்டு 49 போட்டது ஆகஸ்ட் 28ஆம் தேதி. என் கடிதம் உனக்குக் கிடைத்த மறுநாள். என்ன காரணத்துக்காக மாற்றினேன் என்று எழுதுகிற இடத்தில் நீ எழுதியிருப்பதை மகாராணி தமிழில் சொன்னாள்: 'சிறு எழுத்துப்பிழை திருத்தம்.'

பக்கத்தைத் திருத்த உனக்கு ஒரு நாள் ஆகியிருக்கிறது. அக்காவுக்குப் பதில் எழுதப் பத்து நாள்.

அதைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு முதலாளி வீட்டுக்குப் போனேன். "இங்கிலீசுல செவப்பும் பச்சையுமா கோட்டைக் காட்டுற. எனக்கு இது வெளங்காது. நான் சொன்னதைச் செய்யச் சொல்லு" என்று அனுப்பிவிட்டார்.

பேசாமல் அந்த வரியைப் போடு. உன்னை அசிங்கப்படுத்த வேண்டும் என்று எனக்கு ஆசையில்லை.

வீரலட்சுமி


பெங்களூரு
22-10-2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அனைவருக்கும் தீபாவளி வாழ்த்துகள். மகாராணி அக்கா கடை முகவரிக்கு உனக்குச் சேலையும் மச்சானுக்கு வேட்டி சட்டையும் அனுப்பியிருக்கிறேன். அரக்கு நிறம், உனக்குப் பிடிக்கும்.

நீ போன் செய்தபோது நான் மீட்டிங்கில் இருந்தேன்.

அக்கா, மென்பொருளில் இப்படி நடப்பது சகஜம். யார் மேல் தப்பு என்று பார்ப்பதே எங்கள் துறையில் பழைய வழக்கம். அடுத்த தடவை நடக்காமல் பார்த்துக்கொள்வதுதான் முக்கியம். ஆங்கிலப் பாடத்தைத்தான் ஆயிரக்கணக்கானவர்கள் படிக்கிறார்கள். தமிழ்ப் பாடத்தைப் படிப்பது நீ ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன். செய்ய வேண்டிய பட்டியலில் அது இருந்தது. நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப் போய்விட்டது. இதை உன்னிடம் மட்டும் சொல்கிறேன்.

உதவித்தொகை முடிவு டிசம்பர் கடைசியில் வரும். மூன்று மொழிப் பாடங்களும் வெர்ஷன் வந்த அன்றைக்கே புதுப்பிக்கப்பட்டவை என்று விண்ணப்பத்தில் எழுதியிருக்கிறேன். அவர்கள் இப்போது ஒவ்வொரு பக்கமாகத் திறந்து பார்க்கிற நேரம். நீ கேட்கிற வரியை இந்த நேரத்தில் போட்டால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. ஜனவரி வரை பொறுத்துக்கொள்.

இல்லாவிட்டாலும் மச்சானுக்கு அந்த மலை எதற்கு? ஓசூரில் என் நண்பன் கம்பெனியில் வாட்ச்மேன் வேலை இருக்கிறது. குளிர் இல்லை, அட்டை இல்லை. சரி என்றால் சொல், ஒரு வார்த்தையில் முடித்துத் தருகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி கார்த்தி


குரங்கணி மேல் எஸ்டேட்
8-11-2024

கார்த்திக்கு,

நீ சுகமாக இருப்பதாகத் தெரிகிறது. நாங்களும் உயிரோடு இருக்கிறோம்.

சேலையைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். வேட்டி சட்டையை அவர் கொடுக்க மாட்டேன் என்றுவிட்டார். "மாப்ளே ஆசையா எடுத்துக் குடுத்தது, திருப்பி அனுப்புனா மனசு சங்கடப்படுவான்" என்கிறார். அவருக்கு உன் கடிதத்தில் பாதியைத்தான் படித்துக் காட்டினேன். மீதியைப் படிக்க எனக்கு வாய் வரவில்லை.

வாட்ச்மேன் வேலையா? காயை உள்ளங்கையில் வைத்து உருட்டியே எத்தனை மணி நேரம் காய்ந்தது என்று சொல்கிற ஆளடா அவர். உன் ஓசூர் நண்பன் வீட்டுக் கேட்டைத் திறந்து மூடவா பிறந்தார்? நீ காலேஜ் லீவில் இங்கே வந்து ஸ்டோரில் உட்கார்ந்து, அவர் சொல்லச் சொல்ல நோட்டில் எழுதினாயே. அப்போது உனக்கு இந்த மலை வேண்டியிருந்தது. இன்றைக்கு அவர் பேரைச் சொல்லி யாரும் ஸ்டோருக்குக் கூப்பிடுவதில்லை. டீக்கடையில் அவரைப் பார்த்தால் பேச்சை நிறுத்துகிறார்கள். களைக்கொத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு, தான் இருபது வருடம் ஆண்ட ஸ்டோரைத் தாண்டித் தலைகுனிந்து போகிறார். அந்த நேரத்தில் எனக்கு வயிறு எரிகிறது. உன் மேலும் எரிகிறது, என் மேலும் எரிகிறது.

ஜனவரி என்கிறாய். கார்த்திகை டிசம்பர் பாதியில் முடிகிறது. தேதி தெரியாதவனா நீ?

தமிழ்ப் பாடத்தைப் படிப்பது நான் ஒருத்திதான் என்று எழுதியிருக்கிறாய். ஆமாம், ஒருத்திதான். அந்த ஒருத்தி உன் அக்கா.

சரி, இனி உன்னைக் கெஞ்சவில்லை. உன் பக்கத்தின் அடியில் நீயே எழுதி வைத்திருக்கிறாயாம்: 'பிழை கண்டால் யார் வேண்டுமானாலும் திருத்தம் அனுப்பலாம், ஒவ்வொன்றையும் படித்துப் பதில் தருவோம்.' மகாராணி கடையில் உட்கார்ந்து, அவள் சொல்லித்தர, என் பேரில் ஒரு கணக்குத் தொடங்கினேன். இரண்டு நாள் பிடித்தது. என் கையாலேயே ஒரு வரி அடித்து உனக்கு அனுப்பியிருக்கிறேன். அது இதுதான்:

'இந்தப் பாடத்தின் ஏழாவது வரி 10-6-2024 முதல் 28-8-2024 வரை தவறாக இருந்தது. இதைப் பின்பற்றியவர்கள் மேல் தவறில்லை.'

உன் பேரைக்கூடப் போடவில்லை. முதலாளியிடம் கேட்டுவிட்டேன், இது போதும் என்கிறார். நீ ஒரு பட்டனை அமுக்கினால் போதுமாம். அமுக்கு.

வீரலட்சுமி


20-11-2024
வெதுப்பு – திருத்தப் பரிசீலனை
பெறுநர்: வீரலட்சுமி_குரங்கணி

வணக்கம்.

உங்கள் பங்களிப்புக்கு நன்றி. வெதுப்பு திட்டத்தின் மேல் நீங்கள் காட்டும் அக்கறையைப் பெரிதும் மதிக்கிறோம்.

பாடப் பக்கங்கள் நடப்பு வெர்ஷனை மட்டுமே விளக்குகின்றன. முந்தைய பிழைகள் பற்றிய குறிப்புகளை அவற்றில் சேர்ப்பதில்லை என்பது எங்கள் நடைமுறை. ஆகவே இந்தத் திருத்தம் ஏற்கப்படவில்லை. இத்துடன் முடித்து வைக்கப்படுகிறது.

தொடர்ந்து பங்களியுங்கள்.

கார்த்தி கே.
முதன்மைப் பராமரிப்பாளர்


குரங்கணி மேல் எஸ்டேட்
27-11-2024

வெதுப்பு முதன்மைப் பராமரிப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்களுக்கு நன்றி சொல்லி எழுதும்படி என் வீட்டுக்காரர் கன்னையன் சொன்னார். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

உங்கள் பதிலை மகாராணி பிரிண்ட் எடுத்து, கவரில் போட்டு என் பேர் எழுதி, அவசரம் என்று சொல்லி சின்னச்சாமியிடம் கொடுத்துவிட்டிருக்கிறாள். வழியில் களைவெட்டுகிற இடத்தில் ஜீப்பு நின்றிருக்கிறது. என் பேரில் வந்த கவரை இவர் வாங்கிப் பிரித்திருக்கிறார். எழுத்துக் கூட்டித்தான் படிப்பார், உங்களுக்குத் தெரியும். 'உங்கள் பங்களிப்புக்கு நன்றி' என்று முதல் வரியைப் படித்திருக்கிறார். 'பெரிதும் மதிக்கிறோம்' வரைக்கும் போயிருக்கிறார். அதற்கு மேல் படிக்க அவருக்கு நேரமில்லை. "பாத்தீகளா, என் மாப்ளே போட்டுட்டான்" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே களைக்கொத்தியைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தார். நான் சுள்ளி பொறுக்கப் போயிருந்தேன். நீங்கள் தீபாவளிக்கு அனுப்பின வேட்டியும் சட்டையும் உடுத்திக்கொண்டு, தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, ஜீப்பு திரும்பும்போதே ஏறி முதலாளி வீட்டுக்குப் போய்விட்டார். போகிறபோது பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்: "வீரா வந்தா மாப்ளேக்கு மறக்காம நன்றி எழுதச் சொல்லுங்க."

முதலாளி வீட்டு முற்றத்தில் அன்றைக்கு ஏலத்துக்கு வந்த வியாபாரிகள் ஏழெட்டுப் பேர் இருந்தார்களாம். இவர் தாளை நீட்டியிருக்கிறார். முதலாளி அதை வாங்கி எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கடைசி வரி வரைக்கும் படித்தாராம். 'தொடர்ந்து பங்களியுங்கள்' என்கிற இடத்தில் ஒருவர் சிரித்திருக்கிறார். சின்னச்சாமிதான் சொன்னார். இவர் தாளைத் திருப்பி வாங்கி, அதே மாதிரி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாராம்.

நேற்றுச் சாயங்காலம் நடந்தே மேலே வந்தார். குரங்கணியிலிருந்து நடை. சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார். வீட்டை எப்போது காலி செய்வது என்று கேட்டேன். கார்த்திகை முடியக் காத்திருக்க வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை ஜீப்புக்குச் சொல்லியிருப்பதாகச் சொன்னார். எங்கே போகிறோம் என்று நான் கேட்கவில்லை, அவருக்கும் தெரியாது. கொஞ்ச நேரம் கழித்து அவராகவே, "மாப்ளேக்கு நன்றி எழுதிட்டியா?" என்றார். இன்னும் இல்லை என்றேன். எதற்கு எழுத வேண்டும், என்ன கிழித்தான் என்று எழுதுவது என்று கத்தினேன்.

"எழுதிரு வீரா. எழுதலேன்னா, நாம ஏதோ அவனைத் தப்பா நெனச்சுட்டோம்னு அந்தப் புள்ள வருத்தப்படும்" என்றார்.

எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
வீரலட்சுமி_குரங்கணி